ஜன்னலைத் திறந்தவளுக்கு

பிலோமி கண்ணு,

தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டேன். சுகம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளாக அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். எதிர்வீட்டு ரயில்வே கார்டு நாளைக்கு மதராஸ் வண்டியில் டூட்டிக்குப் போகிறார். கடிதத்தையும் இதோடு வரும் சின்னப் பொட்டலத்தையும் உன் ஹாஸ்டலிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இனி சாக்குச் சொல்ல வழியில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். பொட்டலத்தை இப்போதே பிரிக்காதே. முதலில் கடைசி வரை படி.

லேபரட்டரியில் வேலை பார்க்கிற என் மகள் ரேடியோவில் பேசப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. யுத்த காலத்தில் எண்ணெயை வீணாக்காமல் இருப்பது எப்படி, அதிகச் சூட்டில் பொரித்தால் எண்ணெய் ஏன் கெடுகிறது என்று பெண்களுக்குப் பதினைந்து நிமிஷம் பேசப் போகிறாய் என்றேன். முனையிலிருக்கும் காபி கிளப்பில் ரேடியோ இருக்கிறது. அன்றைக்கு அந்த நேரத்தில் பாட்டு கீட்டு வைத்தால் நடக்கிற கதையே வேறு என்று கிளப்காரரிடம் எச்சரித்து வைத்திருக்கிறேன். அவர் கன்னடத்தில் "ஆகலி அம்மா, ஆகலி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப் பெருமை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், பேச்சையே என்னை வைத்துத்தான் ஆரம்பிக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் அம்மா பெங்களூர் கண்டோன்மெண்டில் பலகாரம் சுட்டு விற்றவர், அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது, கண்ணாடிக் குழாய் கிடையாது, சட்டிக்கு மேலே ஒரு தடவை குனிந்து மோந்துவிட்டு எண்ணெயின் ஆயுளைச் சொல்லிவிடுவார் என்று. அதற்குக் கீழே ஒரு வரி: "எனக்குத்தான் மூக்கு சரியில்லையே அம்மா. அதனால்தான் நான் கண்ணாடிக் குழாய்ப் பக்கம் போனேன். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கொஞ்சம் விவரமாக எழுது."

அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன். பிலோமி, எனக்கு மூக்கு கிடையாது. இருபத்தைந்து வருஷமாகக் கிடையாது. மல்லிகைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. இது இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதியை ஜெபத்தில் காட்டியிருந்தால் எனக்கு இந்நேரம் மோட்சத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார்கள். நீ ரேடியோவில் சொல்லப் போகிற அந்த மூக்கு யாருடையது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்புளூயன்சா ஜுரம் வந்த வருஷம் உனக்கு ஒன்பது வயது. பிளாக்பள்ளியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் நாம் மூன்று பேரும் ஒரே நாளில் படுத்தோம். நீ நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாய். உன் அப்பா எழுந்திருக்கவே இல்லை. நான் எழுந்தபோது அவரை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆணியில் அவருடைய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துரை பங்களாவில் வண்டி ஓட்டியவர் அல்லவா, அந்தக் கோட்டில் எப்போதும் குதிரை வாடையும் சுருட்டு வாடையும் சேர்ந்து அடிக்கும். அதற்காக நான் அவரோடு போடாத சண்டை இல்லை. அன்றைக்கு அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. யாரோ புண்ணியவதி துவைத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தேன். துவைக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதை நம்பவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர் இருக்கும்போது நான் பலகாரம் சுட்டது கைச்செலவுக்கு. அவர் போன பிறகு அதுதான் நம் சோறு. தெருப் பக்கத்து அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் அடுப்பு, காலையில் உளுந்து வடை, மாலையில் போண்டாவும் சுழியனும். மோப்பம் போன பலகாரக்காரியிடம் யார் வாங்குவார்கள்? நாவில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மிளகாயின் எரிச்சல் தெரியும். அதற்கு மேல் எல்லாமே வெந்த காகிதம்தான். மற்றதையெல்லாம் பழக்கத்தில் செய்துவிடலாம், மாவு பொங்கியதைக் கையே சொல்லிவிடும். எண்ணெய் மட்டும் அப்படி இல்லை. நேற்று நன்றாக இருந்த எண்ணெய் இன்றைக்குச் சிக்கு வாடை அடிக்கும். அது அடிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் சட்டிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, பெரிதாக மூச்சிழுத்து, "ம், இன்னிக்குத் தாங்கும்" என்று சொல்வேனே, அத்தனையும் நாடகம். வாங்க வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்றே செய்தது.

அந்த நாடகத்தை முதலில் கண்டுபிடித்தவர் எண்ணெய்க்கடை பாய். உனக்கு வெல்லக் கட்டி கொடுப்பாரே, அவர்தான். ஒரு நாள் கடையில் ஓரமாக இருந்த டப்பாவைக் காட்டி, "பாய், அதுல குடுங்க, அது புதுசா இருக்கு" என்றேன். "இதுலயா?" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடியைத் திறந்து நீட்டினார். நான் வழக்கம்போல் குனிந்து இழுத்தேன். "ஆஹா, கமகமன்னு இருக்கு பாய். ரெண்டு சேர் ஊத்துங்க" என்றேன்.

பாய் மூடியைப் போட்டு டப்பாவைக் கீழே வைத்தார். கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "கியாம்மா இது? என் கடை ஆளு மண்ணெண்ணெய் டப்பாவுல கடலெண்ணெய ஊத்திட்டான். கொட்டறதுக்கு எடுத்து வெச்சிருக்கேன். தெருமுனை வரைக்கும் நாத்தம் வருது. நீங்க கமகமன்றீங்க" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அந்த ஜுரம் இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தது. "யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா துணி விக்கறீங்களா நீங்க? திங்கற சாமான் விக்கறீங்க. ஒரு மூக்கு வேணும்மா. உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்துதான் கடைக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். "பாப்பா, இந்த மூணுல எது ராஜா, எது மந்திரி, எது திருடன்?" என்று பாய் மூன்று மூடிகளை நீட்டுவார், நீ மோந்து மோந்து சொல்வாய். விளையாட்டு என்று நினைத்தாய். நீ ராஜா என்று சொன்ன டப்பாவிலிருந்துதான் நமக்கு ஊற்றுவார். ஒரு நாளும் நீ தவறியதில்லை.

வீட்டிலும் அதே விளையாட்டு. பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "இன்னிக்கு நம்ம சட்டி என்னா சொல்லுது?" என்று கேட்பேன். "வறுத்த கடலை சொல்லுது" என்றால் நல்ல எண்ணெய். "ஸ்லேட்டு தொடச்ச துணி சொல்லுது" என்றால் இன்னும் ஒரு வேளை தாங்கும். "மழையில நனைஞ்ச கோழி" என்று ஒரு நாள் சொன்னாய். நீ தெரு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கை ஆட்டிவிட்டு, உள்ளே வந்து அந்தச் சட்டியை அப்படியே இறக்கினேன். அந்த ஒரு வருஷம் என் பலகாரத்துக்கு இருந்த பெயர் அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. பிரேசர் டவுனிலிருந்தெல்லாம் ஆள் விட்டு வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. உன் மூக்கை வைத்துச் சம்பாதித்த பெயரை என்னுடையது என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மறு வருஷம் மாதா திருவிழா வந்தது. கொடி ஏறியதிலிருந்து தேர் வரைக்கும் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ அந்த நாட்களில் வீட்டிலேயே இல்லை. திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாய். கன்னியாஸ்திரீகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்களை உட்கார வைத்து ஞானோபதேசம் படிப்பித்தார்கள். இருட்டும் நேரத்துக்கு வந்து, தின்று, படுத்துவிடுவாய். சட்டி என்ன சொல்கிறது என்று சொல்ல ஆளில்லை. நான் பார்த்தேன், கண்ணை வைத்து ஓட்டிவிடலாம் என்று. எண்ணெய் களைத்துப்போனால் நுரை கட்டும் அல்லவா? நுரை வந்தால் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நுரை வரத்தான் செய்தது. கூட்டம் வாசலில் நின்றது. பொங்கி வழிந்துவிடப் போகிறதே என்று, எல்லாரும் செய்கிறபடி ஒரு சின்னப் புளி உருண்டையை உள்ளே போட்டேன். நுரை அடங்கிவிட்டது. அடங்கியதும் எண்ணெய் சரியாகிவிட்டது என்று என் மனசும் அடங்கிவிட்டது. எனக்கு மிச்சமிருந்த ஒரே அடையாளத்தை நானே புளியைப் போட்டு மறைத்தேன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

குறைந்த எண்ணெய்க்குப் பழையதன் மேலேயே புதியதை ஊற்றினேன். சுழியன் உடைந்து வெல்லமும் பூரணமும் கசிந்து சட்டியடியில் கரியாகப் பிடித்தன. அதைச் சுரண்டவும் நேரமில்லை. சீக்கிரம் வேக வேண்டும் என்று சவுக்குக் கட்டைகளை அடுப்பு கொள்ளும் மட்டும் திணித்தேன். சட்டிக்கு மேலே மெல்லிசாக நீலப் புகை எழும்பியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. பிலோமி, மூக்குத்தான் போயிற்றே தவிர கண்ணும் தொண்டையும் போகவில்லை. அவை சொன்னதை விறகு ஈரம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இதைத்தான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் முதலாவதாகச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காலைப் பலகாரம் என் பொறுப்பு. உபதேசியார் மனைவி சவரியம்மா அக்காதான் எனக்கென்று கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். விடியற்காலையில் அதே எண்ணெயில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக இருந்ததையும் அதிலேயே ஊற்றியாகிவிட்டது. அந்த நேரத்துக்குப் பாய் கடையும் திறந்திருக்காது. நீ வெள்ளைக் கவுனும், பங்களா ஜன்னல் திரையில் வெட்டித் தைத்த முக்காடுமாக, கரி பட்டுவிடக் கூடாது என்று நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாய். சவரியம்மா அக்கா கூடையோடு வந்து உன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மா, கமறுதும்மா. எண்ணெய மாத்திடும்மா" என்றாய்.

"இன்னாடி சொல்ற? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அக்கா. அவர் வேளைக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுகிறவர். அவருக்கு என்ன தெரியும்?

"அடியில ரொம்பக் கெட்டுப்போயிடுச்சிம்மா. தொண்டையப் பிடிக்குது" என்று நீ மறுபடியும் சொன்னாய்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சட்டிக்கு மேலே குனிந்து என் நாடகத்தை ஆடினேன். பிறகு சிரித்தேன். "அவளுக்கு மூக்கு எங்க இருக்கு அக்கா? ஜுரத்துலயே போயிடுச்சி. சாணிக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு" என்றேன். அக்காவும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என் குறையைக் கழற்றி, நன்மை வாங்கப் போகிற என் பிள்ளையின் முகத்தில் மாட்டினேன். அதுவும் மற்றவர் எதிரில்.

பூசை முடிந்தது. நன்மை வாங்குவதற்காக நடுநிசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைகள், பசி என்றால் அப்படிப் பசி. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைத்து இலை போட்டோம். வடை வைத்துக்கொண்டே வந்தவள் உன்னிடம் வந்தேன். நீ வடையை எடுத்து ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனாய். உன் மூக்கு சுருங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு முழுசாகத் தின்றாய். "இன்னொண்ணு வெக்கட்டுமாடி?" என்று அக்கா கேட்டதற்குத் தலையாட்டி அதையும் தின்றாய். உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே, அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று தின்றாய். பத்து வயசுப் பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். நீதான் எல்லாரையும்விட அதிகம். அந்த வெள்ளைக் கவுனை நான் எத்தனை தடவை துவைத்தும் முன்பக்கத்துக் கறை போகவில்லை. சவரியம்மா அக்கா, நல்ல மனுஷி, எல்லாரிடமும், "வெறும் வயிறும்மா. ராத்திரியிலேர்ந்து பட்டினி கிடந்த பிள்ளைங்க, எண்ணெய்ப் பலகாரம் சட்டுனு உள்ள போனா அப்படித்தான். யார் மேலயும் தப்பில்ல" என்று சொன்னார். நான் வாய் திறந்து, "ஆமா, வெறும் வயிறுதான்" என்றேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் நீ பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு, "எனக்கு மூக்கு சரியில்லைதானேம்மா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாருமில்லை. நான் உன் நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஆமாண்டி கண்ணு" என்றேன்.

மறுநாள் அந்த எண்ணெயை ஜாடியோடு பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வழியவிட்டார். பாகு போல் நூல் விட்டுக்கொண்டு இறங்கியது. "பொகை வந்துச்சுன்னா அப்பவே அது போச்சும்மா. அதும்மேல நல்லதை ஊத்தினா நல்லதும் போச்சு. புளி போட்டா நுரைதான் போவும், கெட்டது எங்க போவும்?" என்றார். வண்டி அச்சுக்குப் பூச வைத்துக்கொண்டார். பிறகு உன்னைக் கூப்பிட்டு, வழக்கம்போல் மூன்று மூடிகளை நீட்டினார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியாது பாய். எனக்கு மூக்கு சரியில்ல" என்றாய். பாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலை நிமிராது. அன்றிலிருந்து சாகிற வரைக்கும், தன் மூக்கால் பார்த்த எண்ணெயைத்தான் நமக்கு ஊற்றினார். அந்த மனுஷனுக்கு நான் எத்தனை ஜென்மம் கும்பிடு போட்டாலும் போதாது.

ஆனால் கடையிலிருந்து வந்த பிறகு எண்ணெய் எப்போது கெடுகிறது என்று எனக்கு யார் சொல்வது? இனிமேல்தான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். நீ வாயால் சொல்வதை நிறுத்திவிட்டாய். சட்டி என்ன சொல்லுது என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்பாய். ஆனால் உன் மூக்கு உன் பேச்சைக் கேட்குமா? பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகத்தை வைப்பாய். சில நாள் நேராக உள்ளே போய்க் கை கால் கழுவுவாய். சில நாள், ஏன் என்று உனக்கே தெரியாது, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் ஒருக்களித்திருக்கும் கதவை நன்றாகத் தள்ளித் திறந்துவிட்டுப் போவாய். பத்து நாள் கவனித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ ஜன்னலைத் திறந்த நாளில் எண்ணெயை மாற்றினேன். திறக்காத நாளில் அதிலேயே இன்னொரு ஈடு போட்டேன். ஒன்பது வருஷம், பிலோமி. நீ மதராஸுக்குக் காலேஜில் படிக்கப் போகிற வரைக்கும். அத்தனை வருஷத்தில் என் பலகாரம் தின்று ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை.

குளிர் காலத்தில் நீ ஜன்னலைத் திறந்தால், "பனி வருதுடி, மூடு" என்று கத்தியிருக்கிறேன். அது வாசலில் நிற்கிறவர்களுக்காக. மனசுக்குள் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்வேன். நீ ஜுரமாகப் படுத்த நாட்களில் அடுப்பே மூட்ட மாட்டேன். பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பயமும் இருந்தது.

உன் பேச்சுக்கு உதவும் என்றால் உன் ஜன்னல் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதுகிறேன். சுழியன் போட்ட எண்ணெய்க்கு அன்றைக்கே திறந்தாய். வெறும் வடை என்றால் இரண்டாம் நாள் வரை பொறுத்தாய். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் உதிர்ந்த தூளை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்த நாட்களில் மூன்றாம் நாளும் சும்மா இருந்தாய். அடுப்பு முடிந்ததும் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, மூடி போட்டு இருட்டு மூலையில் வைத்தால் தாங்கியது. சட்டியோடு திறந்து வைத்த எண்ணெய்க்கு மறுநாளே உன் கை ஜன்னலுக்குப் போனது. மாவுக்கு உப்பைக் கடைசியில் போடுவேன், ஈரத்தை நன்றாக வழித்துவிட்டுத்தான் எண்ணெயில் போடுவேன். ஈரம் அதிகமாகச் சடசடத்தால் எண்ணெய் சீக்கிரம் களைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தீ. ஒரு துளி மாவு போட்டால் அடியில் போய் ஒரு நொடி தங்கி எழும்ப வேண்டும், அந்தச் சூடு போதும். போட்டவுடன் மேலே பாய்ந்து சிவந்தால் விறகை இழு. புகை கண்ட எண்ணெய்க்கு நீ ஒரு தடவைகூடப் பொறுமை காட்டியதில்லை. இதற்கெல்லாம் உங்கள் படிப்பில் பெரிய பெரிய பெயர் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு ஜன்னல்தான்.

நீ மேல்படிப்புக்கு ரசாயனம் எடுத்தபோது, "மூக்கை நம்ப வேண்டாம், குழாயில் போட்டுப் பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும், அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று சொன்னாய். நான் சிரித்துவிட்டு உன் பெட்டியைக் கட்டினேன். போன வருஷம் எழுதியிருந்தாய், ஹாஸ்டலில் பால் திரிந்துவிட்டதா என்று பக்கத்து அறை டீச்சரை மோந்து பார்க்கச் சொல்வதாக. நீ வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாய். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்துநாலு வயசிலும் என் மகள், தன் முகத்திலேயே இருப்பதை நம்பாமல் அடுத்தவரைக் கேட்கிறாள். அந்த நிலைக்கு உன்னைக் கொண்டுவந்தவள் நான்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நன்றிதான் முன்னால் வந்து நிற்கிறது. நாம் தின்ற சோறு உன் மூக்கு போட்டது. உன் பள்ளிக்கூடத் துணி, இந்த பிரேசர் டவுன் வீட்டு வாடகை, சவரியம்மா அக்கா சாகிற வரை என்னைப் பார்த்து, "உன் கை யாருக்கு வரும்?" என்று கேட்டது, எல்லாம் நீ கொடுத்தது. பத்து வயசில் நான் உன்னை எல்லார் எதிரிலும் பொய்யாக்கினேன். நீயோ ஒரு நாளும் வீம்பு பிடித்து அந்த ஜன்னலைத் திறக்காமல் இருந்ததில்லை. பெற்ற பிள்ளைக்குத் தாய் நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன். உன்னால்தான் கண்ணு நான் பிழைத்தேன். ரொம்ப நன்றி.

ரேடியோவில் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். அம்மாவுக்கு மூக்கு கிடையாது என்று சொன்னாலும் சரி. காபி கிளப்பில் பெஞ்சியின் நடுவில் உட்கார்ந்து கேட்பேன், எழுந்து ஓட மாட்டேன். தெருவில் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள், பிளக்கட்டும். என் மூக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்போது பொட்டலத்தைப் பிரி. உள்ளே ஒரு சின்ன மருந்து சீசாவில் எண்ணெய் இருக்கும். ரேஷனில் வாங்கிய கடலெண்ணெய். இந்த யுத்தத்தில் மறுபடியும் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதில் கொஞ்சம் வடை போட்டேன். எதிர்வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டதில் அடுப்பை மறந்து வாசலில் நின்று பேசிவிட்டேன். திரும்பி வந்தபோது சட்டிக்கு மேலே நீலமாக ஏதோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இப்போது கண்ணும் முன்னே போல் தெளிவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வரும்போது அச்சு முறுக்குச் சுட என்னிடம் இருப்பது அந்த எண்ணெய்தான். தெரு எதிரில் கார்டு மூக்கு இருக்கிறது, அவர் பெண்சாதி மூக்கு இருக்கிறது. அவர்களிடம் நான் கேட்கவில்லை.

சுகமாக இருக்கிறேன். முழங்கால்தான் படியேற மறுக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். சீசாவை லேபரட்டரிக்கு எடுத்துக்கொண்டு போகாதே, குழாயில் ஊற்றாதே, பக்கத்து அறை டீச்சரிடம் நீட்டாதே. நீ மூடியைத் திறந்து மோந்து பார்த்து, சட்டி என்ன சொல்லுது என்று ஒரு வரி எழுது. மிச்ச எண்ணெயை மூடி போட்டு வைத்திருக்கிறேன். நீ சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

அம்மா